பறவைகளுக்குப் பெயர் தேடிய கொல்லர் மகன்

ஆங்கிலச் சிறுவர் நூல்கள் சிலவற்றின் அட்டையில் ஒரு குட்டிப் பறவையின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். கறுத்த முதுகும் வெள்ளை வயிறும் பெரிய முக்கோண அலகும் கொண்ட அந்தக் கடற்பறவையின் பெயர் பஃபின். அதன் அறிவியல் பெயர் என்னவாக இருக்கும்? 'பஃபினஸ் பஃபினஸ்' என்று ஊகிக்கத் தோன்றும். அப்படியொரு பெயர் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மாங்ஸ் ஷியர்வாட்டர் என்ற வேறொரு கடற்பறவைக்கு உரியது. பஃபினின் அறிவியல் பெயர் ஃபிராட்டர்குலா ஆர்க்டிகா.

இந்தக் குழப்பத்திற்குக் காரணம் மிகப் பழையது. பஃபின் என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஷியர்வாட்டரின் கொழுத்த குஞ்சைத்தான் குறித்தது. அந்தக் குஞ்சுகளைப் பிடித்து உப்பிட்டுச் சாப்பிடுவார்கள். காலப்போக்கில் அந்தப் பெயர் மெல்ல வேறொரு பறவைக்கு இடம் மாறிவிட்டது. லத்தீன் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இத்தகைய சிக்கல்கள் ஒன்றிரண்டல்ல. நூற்றுக்கணக்கான பறவைகளுக்கு இதே நிலைதான். ஊருக்கு ஒரு பெயர், நூலுக்கு ஒரு பெயர். எந்தப் பெயர் எந்தப் பறவைக்கு உரியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சிக்கலை அவிழ்க்க உட்கார்ந்தவர்களில் முதன்மையானவர் ஜான் ரே. உயிரியல் மாணவர்கள் அவரைத் தாவரவியலாளராக அறிந்திருக்கலாம். இக்கட்டுரை அவருடைய வாழ்க்கையைப் பறவைகளின் வழியாகவும் சொற்களின் வழியாகவும் சொல்கிறது.

பட்டறையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில் பிளாக் நாட்லி என்பது ஒரு சிறிய கிராமம். 1627ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜான் ரே அங்கே பிறந்தார். தந்தை ரோஜர், ஊரின் இரும்புக் கொல்லர். தாய் எலிசபெத், மூலிகைகளை அறிந்தவர். நோய் என்று வருபவர்களுக்குச் செடிகொடிகளால் மருந்து செய்து கொடுப்பவர். எந்த இலைக்கு என்ன பெயர், எது எதற்கு உதவும் என்பதைப் பையன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தான்.

அருகிலிருந்த பிரெய்ண்ட்ரீ நகரப் பள்ளியில் படித்த அவர், 16 வயதில் கேம்பிரிட்ஜ் சென்றார். 1646இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் பெரும் கணித அறிஞராக விளங்கிய ஐசக் பேரோ அவருடைய உடன்பயின்ற மாணவர். 1649இல் இருவரும் ஒன்றாகவே கல்லூரியின் ஃபெல்லோ பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ரே கிரேக்கம் கற்பித்தார், கணிதம் கற்பித்தார், இலக்கியமும் கற்பித்தார். ஒரு கொல்லரின் மகனுக்கு அந்தக் காலத்தில் இதைவிட உயர்ந்த இடம் கிடைப்பது அரிது.

இந்த நேரத்தில் அவருக்கு உடல்நலம் குன்றியது. ஓய்வாக நடக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள வயல்களிலும் ஆற்றோரங்களிலும் நடந்தபோதுதான், தினமும் மிதித்துச் செல்லும் செடிகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். அவற்றின் பெயர்களைக் கற்றுக்கொடுக்கப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே தாமே கற்றார். ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பின் பயனாக 1660இல் கேம்பிரிட்ஜ் வட்டாரத் தாவரங்களின் பட்டியல் நூல் ஒன்று வெளிவந்தது. ஒரே செடிக்கு வெவ்வேறு ஆசிரியர்கள் இட்ட பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அடையாளம் காண்பதே அந்த நூலின் பெரிய வேலை. பிற்காலத்தில் பறவைகளுக்கு அவர் செய்யப்போவதற்கு இதுவே ஒத்திகை.

ஒரு சொல்லுக்காக இழந்த பதவி

1660ஆம் ஆண்டு இறுதியில் அவர் திருச்சபைக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் மன்னராட்சி மீண்டும் திரும்பியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1662இல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பலர் எடுத்துக்கொண்ட ஓர் உறுதிமொழி எவரையும் கட்டுப்படுத்தாது என்று குருமார்களும் கல்லூரி ஆசிரியர்களும் அறிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரே அந்த உறுதிமொழியை எடுத்தவரே அல்லர். எனவே ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் பிறர் கொடுத்த வாக்கைச் செல்லாது என்று சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்று அவர் கருதினார். 1662ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் பதவி போயிற்று. அந்தச் சட்டத்தால் நாடெங்கும் ஏறத்தாழ 2,000 பேர் தங்கள் பொறுப்புகளை இழந்தனர்.

அப்போது அவருக்கு வயது 34. சம்பளம் இல்லை, தங்கும் அறை இல்லை, நூலகம் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. திருச்சபையின் மீது கோபம் கொண்டு அவர் விலகிவிடவில்லை. கடைசிவரை ஒரு சாதாரண உறுப்பினராகவே வழிபாட்டுக்குச் சென்றார். ஆனால் குருவாகப் பணியாற்றும் வாய்ப்பு மீண்டும் வரவே இல்லை.

தமிழில் 'சொல்' என்றால் வார்த்தை என்றும் பொருள், கொடுத்த வாக்கு என்றும் பொருள். ரேயின் வாழ்க்கையில் இரண்டுமே ஒன்றாகத்தான் இருந்தன. ஒரு வாக்கின் பொருளை மாற்றிச் சொல்ல மறுத்தவர், அடுத்த நாற்பது ஆண்டுகளை ஒவ்வொரு பெயரும் சரியான பொருளைக் குறிக்கிறதா என்று பார்ப்பதில் செலவிட்டார்.

இரு நண்பர்கள், ஒரு திட்டம்

டிரினிட்டியில் ரேயிடம் படித்த மாணவர்களில் பிரான்சிஸ் வில்லபி ஒருவர். ரேயைவிட எட்டு வயது இளையவர். வாரிக்‌ஷர் மாவட்டத்தில் மிடல்டன் ஹால் என்ற மாளிகைக்கும் பெருநிலங்களுக்கும் வாரிசு. ஒருவர் கொல்லர் மகன், மற்றவர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. இயற்கையை நேரில் பார்த்து அறிய வேண்டும் என்ற ஆர்வமே அவர்களை நண்பர்களாக்கியது.

இருவரும் சேர்ந்து ஒரு பெரிய திட்டம் வகுத்தனர். உலகில் உள்ள உயிர்கள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி எழுதுவது. தாவரங்கள் ரேயின் பங்கு. பறவை, மீன், விலங்கு, பூச்சி ஆகியவை வில்லபியின் பங்கு. அதற்காக முதலில் தங்கள் நாட்டைச் சுற்றினர். 1663 முதல் 1666 வரை ஐரோப்பாவைச் சுற்றினார் ரே. நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, சிசிலி, மால்டா எனப் பயணம் நீண்டது. வில்லபி இடையில் பிரிந்து ஸ்பெயினுக்குச் சென்றார்.

அவர்கள் கற்ற இடங்கள் பல்கலைக்கழகங்கள் மட்டுமல்ல. இறைச்சிச் சந்தைகளுக்குச் சென்றனர். விற்பனைக்குத் தொங்கிய பறவைகளைக் கையில் எடுத்து அலகு, கால், இறகு என்று அளந்து எழுதினர். ஸ்டிராஸ்பர்க் நகரில் லியோனார்ட் பால்ட்னர் என்ற மீனவரைச் சந்தித்தனர். அவர் ரைன் ஆற்றுப் பறவைகளையும் மீன்களையும் தம் சொந்த ஆர்வத்தால் ஓவியங்களோடு பதிவு செய்து வைத்திருந்தவர். அந்தக் கையெழுத்துப் படி ஒன்றை வில்லபி விலைக்கு வாங்கினார். பின்னர் எழுதப்பட்ட பறவை நூலுக்கு அது பெரிதும் உதவியது.

நாடு திரும்பிய பிறகு ரே மிடல்டன் ஹாலில் தங்கிப் பணியாற்றினார். 1667இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. எல்லாம் நல்லபடி நடந்துகொண்டிருந்தது.

நண்பர் விட்டுச்சென்ற தாள்கள்

1672ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் வில்லபி நோயால் இறந்தார். அவருக்கு வயது 36. மனைவி எம்மா, மூன்று சிறு குழந்தைகள், அடுக்கடுக்காகக் குறிப்புத் தாள்கள் ஆகியவையே எஞ்சியிருந்தன. எந்த நூலும் முடியவில்லை.

தம் உயிலில் ரேக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு கிடைக்கும்படி வில்லபி எழுதியிருந்தார். பிள்ளைகளின் கல்வியையும் ரே கவனித்துக்கொண்டார். 1673இல் அந்த வீட்டிலேயே இருந்த மார்கரெட் ஓக்லி என்ற பெண்ணை அவர் மணந்தார். பிறகு, தம் பங்கான தாவரங்களை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, நண்பரின் பங்கான பறவைகளை எடுத்துக்கொண்டார்.

குறிப்புகள் முழுமையாக இல்லை. சில பறவைகளுக்கு விளக்கம் உண்டு, படம் இல்லை. சிலவற்றுக்குப் பெயர் மட்டுமே. ரே பழைய நூல்களை எல்லாம் திரட்டினார். பல ஊர்களில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். நாரிச் நகர மருத்துவரும் எழுத்தாளருமான சர் தாமஸ் பிரவுன் தம்மிடமிருந்த பறவைப் படங்களை அனுப்பி வைத்தார். செப்புத்தகட்டுப் படங்களுக்கான செலவை எம்மா ஏற்றார். 1676இல் நூல் லத்தீனில் வெளிவந்தது. 1678இல் விரிவாக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதன் பெயர் 'தி ஆர்னித்தாலஜி ஆஃப் பிரான்சிஸ் வில்லபி'. ஆர்னிஸ் என்றால் கிரேக்கத்தில் பறவை. ஆர்னித்தாலஜி என்றால் பறவையியல். தலைப்பில் நின்றது இறந்த நண்பரின் பெயர்.

இந்த நூலில் யாருடைய பங்கு அதிகம் என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. முதலில் வில்லபியே ஆசிரியராகக் கொண்டாடப்பட்டார். 1942இல் ரேயின் வரலாற்றை எழுதிய சார்லஸ் ரேவன், பெரும்பங்கு ரேயினுடையது என்று வாதிட்டார். அண்மையில், 2018இல் வெளிவந்த டிம் பர்க்ஹெட்டின் நூல் வில்லபியின் பங்கை மீண்டும் எடுத்துக்காட்டியது. ரே உயிரோடு இருந்தவரை இதில் உரிமை கொண்டாடவில்லை என்பதே நமக்குத் தெரிகிற செய்தி.

பறவையைப் பார், பிறகு பெயரைச் சொல்

இந்த நூல் ஏன் முக்கியமானது? அதற்கு முன்பிருந்த நூல்களோடு ஒப்பிட்டால் புரியும்.

1544இல் வில்லியம் டர்னர் என்ற ஆங்கிலேயர் ஒரு பறவை நூலை அச்சிட்டார். அரிஸ்டாட்டிலும் பிளினியும் சொன்ன பறவைகள் இன்றைய எந்தப் பறவைகள் என்று கண்டுபிடிப்பதே அவர் நோக்கம். 1555இல் சுவிட்சர்லாந்தின் கெஸ்னர் எழுதிய பெருநூல் பறவைகளைப் பெரும்பாலும் அகர வரிசையில் வைத்தது. இத்தாலியின் அல்ட்ரோவாண்டி, மண்ணில் குளிப்பவை என்பது போன்ற பழக்கங்களைக் கொண்டும் பிரித்தார். இவற்றில் பழமொழி, புராணம், சகுனம், மருந்துக் குறிப்பு எல்லாமே பறவையோடு சேர்ந்து கிடந்தன.

ரேயும் வில்லபியும் இவற்றை ஒதுக்கினர். பறவையின் உடலமைப்பைப் பார்த்து வகைப்படுத்தினர். முதலில் நிலப்பறவை, நீர்ப்பறவை என்று இரண்டு. நிலப்பறவைகளில் வளைந்த அலகும் கூர்நகமும் உடையவை ஒருபுறம், நேரான அலகு உடையவை மறுபுறம். நீர்ப்பறவைகளில் நீண்ட காலால் நீரில் நடப்பவை ஒருபுறம், நீந்துபவை மறுபுறம். நீந்துபவற்றில் விரல்களுக்கிடையே சவ்வு எப்படி இருக்கிறது என்று பார்த்து மேலும் பிரித்தனர். கையில் ஒரு பறவையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக விடை சொல்லி, அதன் பெயரை அடைய முடிந்தது. அறிவியல் வகுப்பில் நாம் போடும் இருகிளைத் திறவுகோல் இதே வழியில்தான் இயங்குகிறது.

கட்டுக்கதைகளும் வெளியேறின. பார்னக்கிள் வாத்து என்ற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் மரக்கட்டையில் ஒட்டியிருக்கும் பார்னக்கிள் சிப்பிகளிலிருந்து அது பிறக்கிறது என்று பல நூற்றாண்டுகளாக நம்பினார்கள். அது மற்ற வாத்துகளைப் போல முட்டையிலிருந்தே பிறக்கிறது என்று நூல் தெளிவாகக் கூறியது. ஆனால் பெயரில் அந்தக் கதை இன்னும் வாழ்கிறது.

இப்படிப் பொய்யான கதையைச் சுமக்கும் பெயர்கள் இன்னும் உண்டு. தமிழில் பக்கி என்று நாம் சொல்லும் இரவுப் பறவையின் அறிவியல் பெயர் கேப்ரிமல்கஸ். அதன் பொருள் ஆட்டில் பால் கறப்பது என்பதாகும். மந்தையைச் சுற்றி இரவில் பறக்கும் அது ஆட்டின் மடியில் பால் குடிக்கிறது என்று பழங்காலத்தில் நம்பினார்கள். உண்மையில் அது பூச்சிகளைத் தேடியே வருகிறது. ஹனி பஸர்ட் என்ற கழுகு வகையை வழக்கமான பஸர்டிலிருந்து வேறுபடுத்திக் காட்டியவர் வில்லபி. அதன் கூட்டில் குளவிக் கூடுகளின் அடைகள் இருந்தன. ஹனி என்றால் தேன். ஆனால் அந்தப் பறவை தேடுவது தேனை அல்ல, அடைக்குள் இருக்கும் புழுக்களை.

ஒரே பறவைக்கு எட்டுப் பெயர்

பஃபினுக்குத் திரும்புவோம். அந்தப் பறவைக்கு நூலில் தரப்பட்ட பெயர்களின் பட்டியல் வியப்பூட்டும். ஃபார்ன் தீவுகளில் கூல்டர்நெப். வட வேல்ஸில் பஃபின். தென் வேல்ஸில் கல்டன்ஹெட், பாட்டில்நோஸ், ஹெலெகுக் என்று மூன்று. ஸ்கார்பரோவில் மல்லெட். கார்ன்வாலில் போப். ஜெர்சி, கெர்ன்சி தீவுகளில் பார்பலாட். மொத்தம் எட்டு.

இதோடு சிக்கல் முடியவில்லை. மான் தீவில் பஃபின் என்று சொன்னால் அது வேறு பறவை, நாம் மேலே பார்த்த ஷியர்வாட்டர். ஆக, ஒரு பறவைக்கு எட்டுப் பெயர், ஒரு பெயருக்கு இரண்டு பறவை. வேல்ஸ்காரர் ஒருவரும் மான் தீவுக்காரர் ஒருவரும் பஃபினைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும், ஆனாலும் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். அறிவியலுக்கு ஏன் ஒரே பெயர் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

பெயர்களைச் சரிசெய்பவர் என்றால், ஊர்ப்பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருப்பார் என்று நினைப்போம். ரே அப்படிச் செய்யவில்லை. எட்டையும் எழுதி வைத்தார். ஒவ்வொன்றும் எந்த ஊர்ச் சொல் என்பதையும் சேர்த்து எழுதினார்.

கிராமத்துச் சொற்களைச் சேர்த்தவர்

பறவை நூல் வருவதற்கு முன்பே, 1674இல், ரே இன்னொரு சிறு நூலை வெளியிட்டிருந்தார். பொதுவழக்கில் இல்லாத ஆங்கிலச் சொற்களின் திரட்டு அது. வடக்கில் வழங்கும் சொற்கள் ஒரு பகுதி, தெற்கிலும் கிழக்கிலும் வழங்கும் சொற்கள் ஒரு பகுதி. அதோடு ஆங்கிலப் பறவைகளின் பட்டியலும் மீன்களின் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தன. அதற்கு நான்கு ஆண்டுகள் முன், 1670இல், ஆங்கிலப் பழமொழிகளையும் தொகுத்திருந்தார்.

அந்தக் காலத்து ஆங்கில அகராதிகள் பெரும்பாலும் கடினச் சொற்களுக்கே இடம் கொடுத்தன. லத்தீனிலிருந்து வந்த படித்தவர் சொற்களுக்குத்தான் விளக்கம். உழவரும் மீனவரும் பேசும் சொற்கள் அகராதிக்குத் தகுதியற்றவை என்பது பொது எண்ணம். ரே தம் பயணங்களில் செடிகளைப் போலவே அந்தச் சொற்களையும் சேகரித்தார்.

கெஸ்ட்ரல் என்ற சிறிய வல்லூறைப் பற்றிய குறிப்பு அதில் உண்டு. அது காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்தபடி வானில் நிற்கும். சில ஊர்களில் அதை விண்ட்ஹோவர், அதாவது காற்றில் நிற்பது, என்று அழைக்கிறார்கள் என ரே பதிவு செய்தார். 1877இல் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் தலைப்பும் 'தி விண்ட்ஹோவர்'. ஆங்கில இலக்கியம் எடுத்த மாணவர்கள் அதைப் படித்திருக்கலாம். ஏதோ ஓர் ஊரின் பேச்சில் இருந்த சொல், ஒரு பட்டியலில் ஏறி, இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு கவிதைக்குத் தலைப்பாயிற்று.

ஆங்கிலப் பறவைச் சொற்களுக்குள் புதைந்திருக்கும் வரலாறு சுவையானது. இன்று பறவை என்பதற்கு நாம் சொல்லும் பேர்ட் என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் குஞ்சை மட்டுமே குறித்தது. பறவைக்குப் பொதுச்சொல் ஃபூகல். அதுவே ஃபவுல் என்று திரிந்து, இப்போது பெரும்பாலும் கோழி, வாத்து போன்ற பறவைகளுக்கு என்று சுருங்கிவிட்டது. சிறியது பெரிதாயிற்று, பெரியது சிறிதாயிற்று.

ராபின் என்ற செம்மார்புக் குருவியின் பழைய பெயர் ரடக். அதன் பொருள் சிவந்தது. ராபின் என்பது உண்மையில் ஒரு மனிதப் பெயர், செல்லமாக ஒட்டிக்கொண்டது. அதன் அறிவியல் பெயரில் உள்ள ருபெகுலா என்ற சொல்லுக்கும் சிவப்பே பொருள். ரடக் பேச்சிலிருந்து மறைந்தாலும், அது சொன்ன கருத்து லத்தீனில் நிலைத்துவிட்டது. ரெட்ஸ்டார்ட் என்ற பறவையின் பெயரில் வரும் ஸ்டார்ட்டுக்கும் தொடக்கத்துக்கும் தொடர்பில்லை. வால் என்று பொருள்படும் பழஞ்சொல் அது. ஆகவே ரெட்ஸ்டார்ட் என்றால் செவ்வாலி. வீட்இயர் என்ற பெயரில் கோதுமையும் இல்லை, காதும் இல்லை. வெள்ளைப் பின்புறம் என்று நேரடியாகச் சொன்ன நாட்டுப்புறச் சொல் நாளடைவில் இப்படி நாகரிகமாக உருமாறிவிட்டது. கார்மரன்ட் என்ற நீர்க்காகத்தின் பெயர் கடற்காகம் என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது. தமிழரும் லத்தீன் பேசியவர்களும் ஒரே பறவையைப் பார்த்துக் காகத்தையே நினைத்திருக்கிறார்கள்.

சொற்களில் ரே காட்டிய கவனம் தம் பெயரையும் விடவில்லை. குடும்பப் பெயரை அவர் முதலில் டபிள்யூ எழுத்தோடுதான் எழுதி வந்தார். லத்தீனில் அந்த எழுத்து இல்லாததால், 1670 முதல் அதை விட்டுவிட்டார்.

1874இல், நூல் வந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து, ஆங்கில வட்டார வழக்குச் சங்கம் ரேயின் சொல் திரட்டை மறுபதிப்பு செய்தது. தொகுத்தவர் காலத்தில் அது ஓர் ஓய்வுநேர வேலையாகத் தோன்றியிருக்கலாம். பின்வந்தவர்களுக்கு அது ஈடு இல்லாத ஆவணம்.

வலியும் உழைப்பும்

எம்மா மறுமணம் செய்துகொண்டதும் மிடல்டன் ஹாலில் ரேக்கு இருந்த இடம் போயிற்று. எம்மாவின் புதிய கணவர் ஜோசையா சைல்ட், பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநரானவர். வில்லபியின் தாள்களைப் பெறுவதும் கடினமாயிற்று. 1677இல் ராயல் சொசைட்டி தன் செயலாளர் பதவியை ஏற்கும்படி ரேயை அழைத்தது. அவர் மறுத்துவிட்டார். 1679இல் தாய் இறந்ததும், தாய்க்காகத் தாம் கட்டிய டியூலண்ட்ஸ் என்ற வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றார். பிறந்த கிராமத்திலேயே மீதி 25 ஆண்டுகளைக் கழித்தார். முதன்மை வருமானம் அதே 60 பவுண்டு.

வில்லபியின் மீன் நூலையும் அவர் முடித்துக் கொடுத்தார். 1686இல் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. படங்கள் அழகாக இருந்தன, விற்பனைதான் இல்லை. சங்கத்தின் பணம் அதிலேயே முடங்கிவிட்டதால், அடுத்த ஆண்டு நியூட்டனின் பிரின்சிபியாவை அச்சிடும் செலவை எட்மண்ட் ஹாலி ஏற்க வேண்டியதாயிற்று. ஹாலிக்குச் சம்பளப் பணத்துக்குப் பதிலாகச் சங்கம் கொடுத்ததும் விற்காத மீன் நூல் பிரதிகளையே.

அதே 1686இல் ரேயின் சொந்தப் பெருநூலான தாவர வரலாற்றின் முதல் தொகுதி வந்தது. மூன்று தொகுதிகளில் ஏறத்தாழ 18,600 தாவரங்களை அது விவரித்தது. படங்கள் போடப் பணமில்லை. எத்தனை வேறுபாடு தோன்றினாலும், ஒரே தாவரத்தின் விதையிலிருந்து பிறப்பவை ஒரே சிற்றினம் என்று அவர் அதில் வரையறுத்தார். சிற்றினம் என்ற கருத்துக்குக் கிடைத்த முதல் உயிரியல் வரையறைகளில் அது ஒன்று. ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்கள் என்ற பிரிவைத் தம் வகைப்பாட்டுக்கு அடிப்படையாக்கியவரும் அவரே.

முதுமையில் கால்களில் ஆறாத புண்கள் வந்தன. தூரம் நடக்க முடியவில்லை. நடந்து நடந்தே கற்றவர் வீட்டுக்குள் அடைந்தார். அப்போது அவருடைய நான்கு மகள்களும் வயல்களிலிருந்து கம்பளிப்புழுக்களைப் பிடித்து வந்தார்கள். அவை எந்த வண்ணத்துப்பூச்சியாக மாறுகின்றன என்று வீட்டிலேயே வளர்த்துப் பார்த்துப் பூச்சி நூலை எழுதினார். 1698இல் இரட்டையரில் ஒருத்தியான மேரி மஞ்சள் காமாலையால் இறந்தாள். அவளுக்கு வயது 13. அந்தத் துயரிலிருந்து அவர் மீள நெடுநாள் ஆயிற்று. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1705ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் டியூலண்ட்ஸ் வீட்டில் காலமானார். பிளாக் நாட்லி தேவாலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கடைசி நூலில் மதராஸ்

ரே பறவைகளைப் பற்றி இன்னொரு சுருக்க நூலும் எழுதியிருந்தார். 1694ஆம் ஆண்டளவில் முடிந்த அந்தக் கையெழுத்துப் படி பதிப்பாளரிடமே கிடந்தது. ரே இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1713இல், அவருடைய நண்பர் வில்லியம் டெர்ஹம் அதை வெளியிட்டார்.

அந்த நூலின் பின்னிணைப்பு தமிழ் வாசகர்களுக்குப் புதுமையாக இருக்கும். அதில் மதராஸ் பறவைகள் இடம்பெற்றுள்ளன. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய படங்களைக் கொண்டு, லண்டனில் மருந்துக்கடை நடத்திய ஜேம்ஸ் பெட்டிவர் அதைத் தயாரித்தார். இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டுக் கடற்கரையோரப் பறவைகள், எஸெக்ஸ் கிராமத்துக் கொல்லர் மகனின் நூலுக்குள் நுழைந்த கதை இது.

1758இல் சுவீடனின் கார்ல் லின்னேயஸ் விலங்குகளுக்கு இருசொல் பெயர் முறையை வகுத்தபோது, பறவைகளுக்கு அவர் அடிக்கடி சுட்டிய நூல்களில் ரேயின் நூலும் வில்லபியின் நூலும் இருந்தன. இன்று நாம் தேர்வில் சாய்வெழுத்தில் எழுதும் பெயர்களுக்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது. 1844இல் லண்டனில் தொடங்கப்பட்ட ரே சங்கம் இயற்கை வரலாற்று நூல்களை வெளியிட்டு அவர் பெயரை நிலைநிறுத்தியது.

இரண்டு பட்டியல்களும் தேவை

அறிவியலுக்கு ஒரே பெயர் வேண்டும், ஆகவே மற்றப் பெயர்கள் வேண்டாம் என்று நம்மில் பலர் எளிதாக முடிவு செய்துவிடுகிறோம். இருமொழியில் படிக்கும் மாணவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் விரைவில் வருகிறது. அறிவியலை ஒரு மொழியில் படிக்கிறோம், வீட்டில் வேறு மொழி பேசுகிறோம். வீட்டுச் சொல் தேர்வுக்கு உதவாது என்றால் அதை மறப்பதில் என்ன இழப்பு என்று தோன்றுகிறது.

ரேயின் வாழ்க்கை இதற்கு வேறு விடை தருகிறது. உலகம் முழுவதும் புரிந்துகொள்ளும் பெயருக்காக உழைத்தவரும் அவர்தான், ஓர் ஊரில் மட்டும் புரியும் பெயரைக் காப்பாற்றியவரும் அவர்தான். பஃபினஸ் பஃபினஸ் எந்தப் பறவை என்பதில் இன்று விஞ்ஞானிகளுக்குக் குழப்பம் இல்லை. ஆனால் கூல்டர்நெப் என்ற சொல் இல்லாவிட்டால், அந்தப் பறவையின் அலகைப் பார்த்து ஏர்க்கத்தியை நினைத்த ஒரு மக்கள் கூட்டம் இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. முதல் பெயர் பறவையை அடையாளம் காட்டுகிறது. இரண்டாவது பெயர் அதைப் பார்த்தவர்களை அடையாளம் காட்டுகிறது.

நம் வீடுகளில் பாட்டி, தாத்தாக்கள் சொல்லும் பறவைப் பெயர்களும் செடிப் பெயர்களும் எந்த நூலிலும் இல்லாமல் இருக்கலாம். அவற்றைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தச் சொல், எந்த ஊரிலிருந்து வந்தவர் சொன்னது, எந்தப் பறவையைக் குறித்தது என்ற மூன்றையும் எழுதினால் அது ரே செய்த அதே வேலைதான். சொன்னவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.